சாணிக் கிடங்கும் ஒரு கோப்பைத் தேத்தண்ணியும்

காசிம் மச்சான் முந்தல் ஸ்டேஷனில் வாடகைக்குப் பிடித்து வந்த மாட்டுவண்டி எங்கள் வேலிப் படலைக்கு வெளியே நின்றது. சல்மாவின் தகரப் பெட்டி ஏற்கெனவே வண்டியில் ஏறிவிட்டது.

"தங்கச்சி, வெளிக்கிடு. பின்னேர ரயிலைப் பிடிக்கோணும்" என்றார்.

சல்மா என் மனைவி. மச்சான் அவளுடைய மூத்த நானா, அண்ணன். புத்தளத்தில் கொப்பரை வியாபாரம். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். எந்த வேலையாக வந்தாலும் வெள்ளைச் சாரன்தான் கட்டுவார்.

சல்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள்: "இவ்வளவு தூரம் வந்தீங்க நானா. ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்களே."

"யாரு ஊத்துறது? மாப்பிளயா?"

"இல்ல. நான்."

மச்சான் கதிரையில் உட்கார்ந்தார். தன் தங்கை அடுப்படிக்குப் போனால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும்.

நான் குசினிக்குப் பின்னால் நின்றேன். அங்கே தரையில் வெட்டிய ஒரு கிடங்கு, அதற்குள் சாணிக் கரைசல், அதன்மேல் கவிழ்த்து வைத்த பழைய தார்ப் பீப்பாய். கரைசலுக்கு மேலே பீப்பாய் ஒரு சாண்தான் எழும்பி நின்றது. உள்ளே அடைபட்ட அந்த ஒரு சாண் காற்றை எரித்தால் ஒரு கேத்தல் தண்ணீர் கொதிக்குமா என்று எனக்குத் தெரியாது. கொதித்தால் சல்மா என் வீட்டில் இருப்பாள். கொதிக்காவிட்டால் வண்டியில் ஏறுவாள். அவளும் நானும் விடிய எழும்பி அப்படித்தான் பேசி வைத்திருந்தோம்.

போன கிழமை நான் எழுதிய தோட்டக் காவல் கதையை வாசித்துவிட்டு, "அந்தக் காட்டுத் தோட்டத்தில் பொஞ்சாதியை வைத்து எப்படிக் குடும்பம் நடத்தினாய்?" என்று ஒருவர் கேட்டார். நேரில் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். இங்கே சொல்கிறேன்.

புகை

எங்கள் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பது. நானும் கலியாணம் முடித்துப் புத்தளத்தில் கொஞ்சக் காலம் மச்சான் வீட்டு அறை ஒன்றில் இருந்தேன். அந்த வீட்டில் ஆட்களும் சத்தமும் கூட. எனக்குச் சோற்றைக் கேட்டு வாங்கவும் கூச்சம். பசியோடு படுத்த நாட்களும் உண்டு.

அதைக் கண்டுபிடித்தது சல்மாதான். "உங்கட தோட்டத்துக்குப் போவம். எனக்கெண்டு ஒரு குசினி இரிந்தாப் போதும்" என்றாள்.

முந்தல் களப்பின் உப்புத் தண்ணீரோரம் ஒரு தென்னந்தோட்டத்தில் நான் காவல்காரன். ஓலை வேய்ந்த வீடு, சின்னக் குசினி, நல்ல தண்ணீர்க் கிணறு. வந்த அன்றைக்கே அடுப்பை மெழுகி, பன்னாடையும் சிரட்டையும் வைத்து மூட்டினாள். உலை கொதிக்கும் முன்னே இழுப்பு வந்துவிட்டது. சின்ன வயதிலேயே இருந்த மூச்சு வருத்தம். புத்தளத்து வீட்டில் மற்றப் பெண்கள் சமைத்ததால் அது வெளியே தெரியவில்லை. இங்கே சுவரைப் பிடித்துக்கொண்டு, தோள் இரண்டும் எழும்பி எழும்பி விழ, ஒரு வார்த்தை பேசமுடியாமல் நின்றாள்.

அதற்குப் பிறகு நான்தான் சமைத்தேன். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. தேங்காய் பிடுங்க வருகிறவர்கள்தான் விடமாட்டார்கள்.

"என்ன மச்சான், இண்டைக்கு என்ன ஆணம்? வீட்டுக்காரி ருசி பார்த்தாச்சா?"

நான் தலையைக் குனிந்துகொண்டு தேங்காய் குவிப்பேன். சல்மா உள்ளே கேட்டுக்கொண்டிருப்பாள். அவளுக்குத்தான் அது சுட்டது. அவள் கேட்டு வந்த குசினிக்குள்ளே அவளால் கால் வைக்க முடியவில்லை.

அது உலகச் சண்டைக் காலம். மண்ணெண்ணெய் கூப்பனுக்கு அளந்து கிடைத்தது. விளக்குக்கே போதாதது அடுப்புக்கு எங்கே? விஷயம் மச்சானின் காதுக்குப் போனது. ஆள் அனுப்பினார்: நோன்புக்கு முன்னம் வந்து தங்கச்சியைக் கூட்டிப் போவேன், மாப்பிள்ளையும் வரலாம், கொப்பரை நிறுக்க ஆள் தேவை.

கெட்ட மனத்தோடு சொன்னதல்ல. ஆனால் அந்த அறைக்குத் திரும்பிப் போக எனக்கு விருப்பமில்லை. சல்மா அழவில்லை. "புகையில்லாத நெருப்பு ஒண்டு உலகத்தில இல்லையா?" என்று மட்டும் கேட்டாள்.

நான் கண்டிருந்தேன்.

மட்டைக் கிடங்கில் குமிழி

தும்புக்காகத் தேங்காய் மட்டையைக் களப்போரம் கிடங்குகளில் மாதக் கணக்கில் ஊறப்போடுவார்கள். கலியாணத்துக்கு முன் அதில் நான் வேலை செய்திருக்கிறேன். மட்டையைக் கம்பால் குத்தினால் குமிழி குமிழியாகக் காற்று வெளியே வரும். ஒரு நாள் எங்களில் ஒருவன் பீடி பற்றவைத்த குச்சியைக் குமிழிக்குப் பக்கத்தில் போட்டான். பக்கென்று ஒரு நெருப்பு. இருந்த இடம் தெரியாமல் அணைந்தது. புகை வரவில்லை.

அந்தப் பக்கென்ற நெருப்பை நான் மறக்கவில்லை. ஒரு தகரப் பேணியின் அடியில் ஓட்டை போட்டு, பப்பாசி இலைத்தண்டைச் செருகி, மட்டைக் கிடங்கில் கவிழ்த்துப் பிடித்தேன். கம்பால் குத்தினேன். தண்டின் நுனியில் குச்சியைக் காட்ட நெருப்புப் பிடித்தது. சல்மாவைக் கூட்டிப் போய்க் காட்டினேன். நெருப்பைக் கண்டு சிரித்தாள். அடுத்த மூச்சில் அழுகிய முட்டை நாற்றம் மூக்கில் ஏறிவிட்டது. இருமி இருமி மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"நெருப்பு நல்லம். நாத்தந்தான் ஏலாது. வேற இடத்தில பாருங்க" என்றாள், மூச்சு வந்ததும். விடுங்கள் என்று சொல்லவில்லை. பாருங்கள் என்றாள்.

பார்த்துக்கொண்டே திரிந்தேன். தோட்டத்துக் கிணற்றடியில் மாடு கழுவும் பள்ளம் ஒன்று இருந்தது. சாணியும் புல்லும் கழுவிய தண்ணீரும் சேர்ந்து கிடக்கும். அதிலும் குமிழி வந்தது. பேணியைக் கவிழ்த்தேன். நெருப்பு நீலமாக நின்றது. சாணி மணம் இருந்தது. முட்டை நாற்றம் இல்லை.

மரத்தின் சொத்து

சாணி தேவை. ஆனால் தென்னந்தோட்டத்தில் சாணி மரத்தின் சொத்து. பொழுதுபட்டால் மாட்டை ஒரு தென்னையைச் சுற்றிக் கட்டுவோம். சில நாள் கழித்து அடுத்த தென்னைக்கு மாற்றுவோம். மாடு போடுவதெல்லாம் அந்த மரத்துக்கு. அதில் ஒரு கூடைகூட வெளியே போகாமல் பார்ப்பதும் என் காவலில் சேர்ந்தது.

கபூர் முதலாளி தோட்டம் பார்க்க வந்த நாளில் அவருக்குப் பின்னால் நடந்து நடந்து கடைசி வரிசை வரை போய்விட்டேன்.

"என்னடா, நிழல் மாதிரி வாறா? ஏதும் வேணுமா?"

"சாணி முதலாளி."

"என்னத்துக்கு?"

"நெருப்பெடுக்க. எடுத்திட்டு மரத்துக்கே திருப்பித் தந்திர்றன்."

முதலாளி நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார். "காசு கைமாத்துக் கேட்டவனைக் கண்டிரிக்கன். சாணி கைமாத்துக் கேட்டவனை இப்பதான் காணுறன்." கூட வந்தவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அவர் சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "எடு. ஆனா கிணத்தடி மரத்தில காய் குறைஞ்சா நீ இங்க இரிக்க மாட்டா."

பிறகு ஒரு நாள், கிடங்கிலிருந்து வெளியே வந்த கரைசலைக் கிணற்றடி மரத்துக்கு நான் ஊற்றும்போது, பிரம்பால் கிண்டி மோந்து பார்த்தார். "மணமே இல்லையேடா! என்னத்தைக் களவெடுத்தா?" என்றார். அந்த மரம் குறையில்லாமல் காய்த்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கிடங்கு வெட்டினேன். மணல் தரை தண்ணீரைக் குடித்துவிடும். அதனால் பழைய கிணற்று வளையம் இரண்டை இறக்கி, அடியில் குளத்துக் களிமண்ணை மிதித்து இறுக்கினேன். பட்டாளத்துக்காரர் ரோட்டு வேலைக்குக் கொண்டுவந்து எறிந்துவிட்டுப் போன தார்ப் பீப்பாயின் ஒரு பக்கத்து மூடியை வெட்டி எடுத்துக் கவிழ்த்தேன். சாயாமல் இருக்க இரண்டு பக்கமும் கம்பு நட்டேன். உடைந்த லொறி ஒன்றின் செப்புக் குழாய் பீப்பாயிலிருந்து குசினிக்குப் போனது. சிகரெட் பேணியின் மூடியில் ஆணியால் குத்திய ஓட்டைகள்தான் அடுப்பு.

சாணி, வெட்டின வாழைத்தண்டு, புல், மரக்கறித் தோல் எல்லாம் கிணற்றுத் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். பீப்பாய் எழும்பியது. குச்சியைக் காட்டினால் குச்சிதான் அணைந்தது. காற்றை வீணாக்கக் கூடாது என்று நாட்கணக்கில் அப்படியே பொத்தி வைத்தேன். கடைசியில் வெறுத்துப் போய் முழுவதையும் திறந்துவிட்டேன். இரண்டாம் தரம் எழும்பிய காற்றுத்தான் பற்றியது. முதல் காற்றை விட்டுவிட வேண்டும் என்று அப்படித்தான் படித்தேன்.

குசினி இருட்டில் அந்த நெருப்பு நீலப் பூப்போல வட்டமாக நின்றது. சல்மா வாசலில் இருந்து ஒரு எட்டு உள்ளே வந்தாள். இன்னும் ஒரு எட்டு. மூச்சை இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

உடனே முகம் மாறியது. "இது சாணியில இரிந்து வாறதுதானே. இதில சோறாக்கலாமா? நோன்புக் கஞ்சி காய்ச்சலாமா?"

வெள்ளைப் பீங்கான்

இதைப் பள்ளிவாசல் லெப்பையிடம்தான் கேட்க வேண்டும். அசர் தொழுகை முடிந்து எல்லோரும் வெளியே போகட்டும் என்று தூணோரம் நின்றேன். ஒருவரும் போகிற பாடில்லை. கேட்காமல் திரும்பினேன். அடுத்த நாளும் அப்படியே.

"என்ன தம்பி, தூணுக்கும் உங்களுக்கும் என்ன சொந்தம்?" என்று லெப்பையே கேட்டார்.

நான் வாய் திறக்கும் முன்னே படியில் நின்றவர் சொல்லிவிட்டார்: "அவர் சாணியில சோறாக்கப் போறாராம்!"

எல்லோரும் சிரித்தார்கள். லெப்பை சிரிக்கவில்லை. "சாணி நஜீஸ், அசுத்தம். அதிட புகை பட்டாலும் யோசிக்கத்தான் வேணும். பார்க்காம ஒண்டும் சொல்ல ஏலாது" என்று செருப்பை மாட்டிக்கொண்டு என்னோடு புறப்பட்டார்.

குசினிக்கு வந்ததும் கழுவித் துடைத்த வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்று கேட்டார். முதலில் விறகு அடுப்பில் பிடித்தார். பீங்கான் கறுத்தது. கழுவச் சொல்லி வாங்கி, என் அடுப்புக்கு மேலே பிடித்தார். பீங்கான் வெள்ளையாகவே இருந்தது. முதலில் கொஞ்சம் வேர்த்தது. லெப்பை விரலால் தொட்டுப் பார்த்தார். "தண்ணி" என்றார்.

பீங்கானைத் திருப்பித் தந்துவிட்டுச் சொன்னார்:

"சாணி தொட்ட கையையும் உடுப்பையும் கழுவத்தான் வேணும். ஆனா சட்டியில சாணியும் படல்ல, அதிட புகையும் படல்ல. எனக்கு விளங்கின மட்டில சமைக்கலாம். படிச்ச ஆலிம் யாரும் வந்தாக் கேட்டும் சொல்றன். அல்லாஹ்தான் அறிஞ்சவன்." படலை வரை போனவர் திரும்பி, "கஞ்சி காய்ச்சினா எனக்கும் அனுப்புங்க" என்றார்.

கிடங்கு உறங்கியது

அதற்குப் பிறகு சல்மாவுக்கு அவசரம் வந்துவிட்டது. காலையில் ஒரு கீரைச் சுண்டல், மாலையில் ஒரு தேத்தண்ணி என்று காற்றுக் கொஞ்சம்தான் கிடைத்தது. மச்சான் வருவதற்குள் சோறாக்கும் அளவுக்கு வேண்டும் என்றாள். அவளும் தினம் விடிய ஏதோ கரைத்து ஊற்றினாள்.

பீப்பாய் எழும்புவது குறைந்தது. பிறகு நின்றுவிட்டது. கிண்டினேன், சாணி கூட்டினேன், ஓட்டை தேடிச் சவர்க்காரத் தண்ணீர் தடவினேன். ஒன்றும் இல்லை. கிடங்கு உறங்கிவிட்டது. மச்சான் வரும் நாளும் தெரிந்துவிட்டது.

அந்தக் காலையில் சல்மா கருவாட்டுச் சாடியைத் திறந்துகொண்டிருந்தாள். களப்பு மீனை வெட்டி உப்பு அடுக்கிச் சாடியில் வைத்தால் சில நாளில் தண்ணீர் விடும். ஒரு மீனை எடுத்து அழுத்திப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இந்த மீன் ஏன் அழுகல்ல?"

"உப்புப் போட்டிரிக்கே."

"நான் இந்தத் தண்ணியைத்தான் தினம் உங்கட கிடங்கில ஊத்தினன். நாறுற சாமான், கெதியா அழுகும் எண்டு."

பிறந்ததிலிருந்து உப்புக்குள்ளே வாழ்கிற ஆட்கள் நாங்கள். மீன் அழுகாமல் இருக்க உப்புப் போடுகிறோம். அழுக வேண்டிய கிடங்குக்கும் அதையே ஊற்றியிருக்கிறோம். முதலில் சிரித்தது அவள்தான். சிரித்துக்கொண்டே வாளியை எடுத்து என் கையில் தந்தாள்.

அன்றைக்கே கிடங்கை இறைத்தோம். வளையத்தைக் கழுவிக் கழுவி, நாக்கில் தொட்டுப் பார்க்காத குறை. புதுச் சாணி கரைத்து ஊற்றினேன்.

"தயிருக்கு உறை விடுறமே, அது மாதிரி அந்த மாடு கழுவுற பள்ளத்துச் சேத்தில கொஞ்சம் விட்டா என்ன?" என்றாள்.

வாளி வாளியாகச் சுமந்து விட்டேன். பீப்பாய் அசையாமல் கிடந்தது. பிறகு ஒரு காலையில் கொஞ்சம் சாய்ந்தது. முதல் காற்றை வெளியே விட்டேன். மச்சான் வரும் நாள் விடிந்தபோது ஒரு சாண் எழும்பியிருந்தது.

மச்சானின் பாரம்

இப்போது பழைய இடத்துக்கு வருகிறேன். சல்மா குசினிக்குள்ளே. மச்சான் கதிரையில். நான் பீப்பாயைப் பிடித்தபடி.

குச்சி உரசும் சத்தம் கேட்டது. "பத்திட்டு!" என்றாள் உள்ளேயிருந்து. பீப்பாய் மெதுவாக இறங்கத் தொடங்கியது. நான் குழாயைப் பார்ப்பதா, பீப்பாயைப் பார்ப்பதா என்று தெரியாமல் நின்றேன்.

"கேத்தல் சத்தம் போடுது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, குரல் வேறு மாதிரி: "நெருப்புச் சின்னனாகுது!"

கையால் பீப்பாயை அழுத்தினேன். "இப்ப நல்லம். விடாதீங்க!" பாரம் வைக்கக் கல் தேடினேன், மணல் ஊரில் கல்லுக்கு எங்கே போவது? வேறு வழி தெரியவில்லை. சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு பீப்பாய்க்கு மேலே ஏறி உட்கார்ந்தேன். கம்பு இரண்டையும் பிடித்துக்கொண்டேன்.

"ஓம், ஓம்! பெரிசா எரியுது!"

அந்த நேரம் பார்த்து மச்சான் பின்பக்கம் வந்தார். வீட்டு மாப்பிள்ளை சாணிக் கிடங்கில் குந்தியிருப்பதைக் கண்டார். எனக்கு இறங்கி ஓடிவிட வேண்டும் போல் இருந்தது. ஆனால் இறங்கவில்லை. என் வாழ்க்கையில் நாலு பேர் பார்க்க நான் அசையாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

"என்னா இது மச்சான்?"

"தேத்தண்ணி" என்றேன்.

அவர் குழாயைப் பார்த்தார். குழாய் போன வழியே குசினி வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தார். அங்கே தங்கை, முக்காடு தோளில் விழுந்தது தெரியாமல், அடுப்புக்கு முன்னால் குந்திக்கொண்டு, சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அவர் அங்கேயே நின்றார்.

"திரும்பக் குறையுது!" என்றாள் சல்மா. "இன்னும் கொஞ்சந்தான். கொதிக்கப் போகுது!"

நான் உடம்பை இறுக்கி அழுத்தினேன். எனக்கு அப்போது எலும்பும் தோலும்தான். பீப்பாய் அதற்கு மேல் இறங்கவில்லை.

மச்சான் விறுவிறென்று வந்தார். "உம்மட உடம்புக்கு இது நடக்கிற வேலையில்ல. இறங்கும்!"

நான் இறங்கினேன். வெள்ளைச் சாரனோடு அவர் ஏறி உட்கார்ந்தார். பீப்பாய் ஒரு முனகலோடு இறங்கியது. கரைசல் விளிம்பில் ஏறி அவருடைய சாரனைச் சுற்றி நனைத்தது. அவர் கீழே பார்க்கவில்லை. குசினிப் பக்கம் திரும்பிக் கத்தினார்:

"எப்படி இரிக்கி?"

"நல்லா எரியுது நானா!"

"கொதிச்சா சொல்லு. நீ சொல்லும் வரைக்கும் இறங்க மாட்டன்."

கேத்தல் மூடி துள்ளும் சத்தம் எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது. அவர் அப்படியே இருந்துகொண்டு, படலைப் பக்கம் தலையைத் திருப்பி, வண்டிக்காரனைக் கூப்பிட்டார்.

"ஏய்! அந்தப் பெட்டியை இறக்கி வை!"

தேத்தண்ணியில் சீனி கூடிவிட்டது என்று குறை சொல்லிக்கொண்டே இரண்டு கோப்பை குடித்தார். லெப்பை சொன்னதை நாங்கள் சொல்லக் கேட்டு, சாரனைக் கழற்றித் தந்துவிட்டு, கிணற்றடியில் தேய்த்துத் தேய்த்துக் குளித்தார். வண்டி திரும்பும்போது அதில் மச்சான் மட்டும்தான் இருந்தார். என்னுடைய பழைய சாரனைக் கட்டியிருந்தார். அது அவருடைய இடுப்பைச் சுற்றி வரப் போதவில்லை. ஒரு கையால் அதைப் பொத்திப் பிடித்தபடியே மற்றக் கையை எங்களுக்கு ஆட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார்.